‘கடிக்கும்’ என்று எழுதுவதற்கு முன்

பினாங்கில் நான் வார இறுதிகளில் உதவிக்குப் போகும் நாய்க் காப்பகத்தில் ஒவ்வொரு கூண்டிலும் ஓர் அட்டை தொங்கும். வந்த தேதி, பிடித்த இடம், ஆணா பெண்ணா, உத்தேச வயது, கடைசியில் ‘குணம்’ என்று ஒரு கட்டம். தத்தெடுக்க வருகிறவர்கள் மற்றதையெல்லாம் தாண்டி நேராக அந்தக் கடைசிக் கட்டத்தைத்தான் படிப்பார்கள்.

ஜெலுத்தோங் பக்கம் ஒரு சாப்பாட்டுக் கடைக்குப் பின்னாலிருந்து வந்த செவலைப் பெட்டை ஒன்றின் அட்டையில், வந்த அன்றே, ‘கடிக்கும்’ என்று ஒற்றைச் சொல் ஏறியது. எழுதியவன் நான்தான். கழுத்துப் பட்டை மாட்டப் போனேன். சட்டென்று திரும்பி என் மணிக்கட்டுக்கு வந்தது. பல் படவில்லை. ஆனாலும் எழுதிவிட்டேன். மூன்றாம் நாள் கூண்டு கழுவும்போது அழுகிய மீன் போல ஒரு வாடை. கால்நடை மருத்துவர் வாய்ப்பூட்டுப் போட்டு, இடது காதுக்குக் கீழே முடியை விலக்கிக் காட்டினார். ஐம்பது காசு அகலத்துக்கு ஒரு குழி; உள்ளே வெள்ளைப் புழுக்கள் நெளிந்துகொண்டிருந்தன. நான் மாட்டப் போன பட்டை சரியாக அந்த இடத்தில்தான் உரசியிருக்கும். அந்தப் புண் எனக்கு இருந்து யாராவது கை வைத்திருந்தால், அக்கம்பக்கம் கேட்கத் திட்டியிருப்பேன். அதற்குத் திட்டத் தெரியாது.

உடம்பைப் பார்க்காமல் குணத்தை எழுதுவதுதான் முதல் தவறு. மற்றவற்றில் பாதி அதிலிருந்து பிறப்பவை. சொத்தைப் பல், சீழ் பிடித்த காது, என்றோ மோட்டார் சைக்கிள் இடித்த இடுப்பு, எல்லாமே தொட்டவுடன் உறுமலாக வெளிவரும்.

மருத்துவர் வருவதற்கு முன் நாமும் கொஞ்சம் பார்க்கலாம். ஆனால் பலர் கதவைத் திறந்து கையை நீட்டுவதிலிருந்து ஆரம்பிக்கிறார்கள். வெளியே ஐந்து நிமிடம் சும்மா நின்றாலே நிறையத் தெரியும்: நான்கு காலிலும் பாரம் போடுகிறதா, தலை ஒரு பக்கம் சாய்கிறதா, கிடக்கும் மலம் எப்படி, தட்டில் சோறு அப்படியே இருக்கிறதா. உள்ளே போனபின் ஈறைப் பாருங்கள். விரலால் அழுத்தி எடுத்தால் வெளுத்த இடம் இரண்டு நொடிக்குள் பழைய நிறத்துக்குத் திரும்ப வேண்டும். உடல் வெப்பம் 38 முதல் 39.2 டிகிரி வரை இருப்பது இயல்பு. பயத்திலும் லாரிப் பயணத்திலும் நம்மூர்ப் புழுக்கத்திலும் அது ஏறும் என்பதால், 39.6 கண்டதுமே காய்ச்சல் என்று முடிவு கட்டாமல், நிழலில் விட்டு மறுபடி அளக்க வேண்டும்.

உண்ணி விஷயத்தில் நாங்கள் ஏமாந்தது கொஞ்சநஞ்சமில்லை. முதுகைத் தடவிப் பார்த்துவிட்டு ‘உண்ணி இல்லை’ என்று எழுதுவோம். அவை இருப்பது கால்விரல் இடுக்கிலும் காதுமடலின் உள்ளேயும். பிடுங்கிப் போட்டாலும் கதை முடிவதில்லை. உண்ணி கடித்து ரத்தத்தில் ஏற்றிய எர்லிக்கியா கிருமி மாதக்கணக்கில் சத்தமில்லாமல் இருந்துவிட்டு, பிறகு ஈறு வெளுத்து, மூக்கில் ரத்தம் வந்து தன்னைக் காட்டிக்கொள்ளும். அதற்கு முன்பே நாய் சோர்ந்து ஓரமாகப் படுத்திருக்கும். அந்தச் சோர்வுக்கு எங்கள் அட்டைகளில் ‘சாது’ என்று பெயர். சில சொட்டு ரத்தத்தில் முடியும் விரைவுச் சோதனை இருக்கிறது. இதயப்புழுவையும் சேர்த்தே பார்த்துவிடும். ஆனால் ஆறு மாதத்துக்கு உட்பட்ட குட்டிக்கு இதயப்புழு இல்லை என்று வந்தால் அதை நம்பி உட்காரக் கூடாது, தொற்றிய பிறகு சோதனையில் தெரியவே ஏறக்குறைய ஆறு மாதம் ஆகும்.

பெட்டை நாய்க்குப் பின்புறம் ரத்தம் சொட்டினால் ‘பருவத்தில் இருக்கிறது’ என்று எழுதிவிட்டு நகர்வதும் உண்டு. தெருநாய்களிடையே இணைசேரும்போது பரவும் ஒரு கட்டி நோய் இருக்கிறது, அதுவும் இப்படித்தான் சொட்டும். மூன்று வாரம் தாண்டியும் நிற்கவில்லையென்றால் நிச்சயம் காட்டுங்கள். பெரும்பாலும் மருந்துக்குக் கேட்கும் கட்டி அது.

அடுத்த தவறு அவசரம். காப்பகத்தில் முதல் மூன்று நாள்களில் நாய்களின் ரத்தத்தில் கார்டிசோல் என்னும் மன அழுத்தச் சுரப்பு, வீட்டு நாய்களுக்கு இருப்பதைப் போல ஏறக்குறைய மூன்று மடங்கு இருந்ததாக 1997இல் வந்த ஓர் அமெரிக்க ஆய்வு சொல்கிறது. அந்த நாள்களில் நாம் அளப்பது நாயின் திகிலை. பினாங்கில் இதற்கு நாள்காட்டியும் பார்க்க வேண்டும். சீனப் புத்தாண்டின் எட்டாம் நாள் இரவு, ஹொக்கியன் சீனர்கள் ஜேட் பேரரசர் என்னும் தெய்வத்துக்குப் படையல் வைத்துப் பட்டாசு கொளுத்துவார்கள். மறுநாள் காலை ஒரு நாயைச் சோதித்து ‘மனிதரைக் கண்டால் ஒளிகிறது’ என்று எழுதினால், அது பட்டாசைப் பற்றிய குறிப்பு. நம் தீபாவளிக்கும் இதே கதைதான்.

உறுமும் நாய்க்காவது யாராவது மறுபரிசீலனை கோருவார்கள். அசையாமல் கிடப்பதைத்தான் யாரும் சந்தேகிப்பதில்லை. ஊசி போட்டாலும் சத்தமில்லை, தூக்கினாலும் சத்தமில்லை, ‘நல்ல நாய்’ என்கிறோம். உடம்பு கட்டை போல இறுகி, கண்வெள்ளை ஓரத்தில் தெரிய, உதட்டை அடிக்கடி நக்கிக்கொண்டு, தூக்கம் வராமலே கொட்டாவி விட்டுக்கொண்டிருந்தால் அது பயத்தில் உறைந்திருக்கிறது. தைரியம் வந்தபின் வேறு நாயாக நிற்கும். வாலாட்டலும் அப்படித்தான். உடம்பு முழுக்கக் குழைந்து ஆடும் வால் வேறு, உடம்பு விறைத்து நுனி மட்டும் துடிக்கும் வால் வேறு.

சாப்பிடும்போது தட்டுக்குள் பொம்மைக் கையை நீட்டிப் பார்க்கும் சோதனையை நாங்கள் விட்டுவிட்டோம். தெருவில் ஒரு ரொட்டித் துண்டுக்கு மூன்று நாய்களோடு சண்டை போட்ட உயிரிடம் அதைப் பிடுங்கினால் என்ன நடக்கும் என்று தெரிந்துகொள்ள பொம்மைக் கை எதற்கு? இத்தகைய காப்பகச் சோதனைகள் காசு சுண்டிப் பார்ப்பதைவிட மேலில்லை என்று 2016இல் ஓர் ஆய்வுக் கட்டுரை தலைப்பிலேயே அடித்துச் சொன்னது. பத்து நாள் சோறு வைப்பவர் எழுதும் இரண்டு வரி எனக்கு அதைவிடப் பெரிது.

புது நாயைத் தனியே வைக்கும் காலத்தைக் குறைக்காதீர்கள். பார்வோ, டிஸ்டெம்பர் இரண்டும் நாய்க்கு நாய் தொற்றும் வைரஸ் நோய்கள். பார்வோ சில நாள்களில் தெரிந்துவிடும். டிஸ்டெம்பர் வாரக்கணக்கில் காத்திருக்கும். சோதிப்பவரே ஒரே செருப்போடு நோயாளிக் கூண்டிலிருந்து குட்டிகளிடம் போவதைக் கண்ணால் பார்த்திருக்கிறேன். முதலில் குட்டிகள், கடைசியில் நோயாளிகள்.

ரேபிஸில் மட்டும் நிதானம் வேறு மாதிரி. 2015இல் மலேசியாவின் வடமாநிலங்களில் அது தலைகாட்டியபோது பினாங்கில் தெருநாய்களைக் கொல்ல உத்தரவு வந்து பெரும் சர்ச்சையானது. அதை நினைத்து, கடித்ததை மறைத்து நாயைக் காப்பாற்றப் பார்க்கும் தன்னார்வலர்கள் இன்னும் இருக்கிறார்கள். மறைக்காதீர்கள். கடிபட்ட இடத்தைச் சோப்புப் போட்டு ஓடும் நீரில் பதினைந்து நிமிடம் கழுவி, அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டும். நாயைப் பத்து நாள் தனியே வைத்துக் கவனிக்க வேண்டும். கடித்தபோது எச்சிலில் கிருமி இருந்திருந்தால் அதற்குள் நோய் வெளிப்பட்டுவிடும். நாய் பிழைக்குமா என்று பார்த்துவிட்டு ஊசி போட்டுக்கொள்ளலாம் என்று யாரும் காத்திருக்கக் கூடாது. இன்னொன்று: தாடை தொங்கி எச்சில் ஒழுகும் நாயைப் பார்த்து ‘தொண்டையில் எலும்பு சிக்கியிருக்கிறது’ என்று வாய்க்குள் கைவிடுவது. ரேபிஸ் எப்போதும் வெறியோடு ஓடிவராது. தாடை செயலிழந்து இப்படிப் பரிதாபமாகவும் வரும்.

செவலையின் புண் ஆற மூன்று வாரமானது. நாங்கள் ஆங்கிலத்திலும் மலாயிலும் கூப்பிட்டதற்கு அது காதைக்கூட அசைக்கவில்லை. ‘அழைத்தால் வராது’ என்று வேறொருவர் எழுதத் தயாராக இருந்தார். ஒரு ஞாயிற்றுக்கிழமை அந்தச் சாப்பாட்டுக் கடையில் பாத்திரம் கழுவும் அக்கா தேடிக்கொண்டு வந்தார். கதவருகில் நின்று, “ராணி, இங்கே வா” என்றார். அது எழுந்த வேகத்தில் தண்ணீர்க் கிண்ணம் கவிழ்ந்தது. அவர் குடியிருக்கும் அடுக்குமாடியில் நாய் வளர்க்க அனுமதியில்லை. ஒரு பொட்டலம் சோற்றை ஊட்டிவிட்டுப் போனார்.

இப்போது அட்டையில் என் பழைய சொல் அடிக்கப்பட்டிருக்கிறது. அதன் கீழே: ‘இடது காதருகில் கை போனால் விலகும். மார்பில் தடவினால் சாய்ந்துகொள்ளும். சாப்பிடும்போது தனியே விடவும். தமிழ் புரியும்.’