சென்னையிலிருந்து மலைப் பந்தயத்துக்கு: தாரும் கப்பியும் கலந்த நெடுந்தூரப் பாதைக்குச் சைக்கிளையும் உடலையும் தயார்செய்தல்

மலைப்பகுதிகளில் நடக்கும் நெடுந்தூர சைக்கிள் பந்தயங்களில் பாதை ஒரே தன்மையாக இருப்பதில்லை. காலையில் தார்ச்சாலையில் தொடங்கி, கப்பி ரோட்டில் கணவாய் ஏறி, மறுபுறம் உருளும் கற்களின் மீது இறங்கி, மாலையில் ஓடைத் தண்ணீரைக் கடந்து சேற்றில் முடிவதுண்டு. கிர்கிஸ்தானில் 2018 முதல் நடைபெறும் சில்க் ரோடு மவுன்டன் ரேஸ், கனடாவின் பான்ஃப் நகரிலிருந்து அமெரிக்காவின் தென் எல்லை வரை ஏறத்தாழ 4,400 கி.மீ. நீளும் டூர் டிவைடு ஆகியவை இவ்வகைப் பந்தயங்களுள் பெயர்பெற்றவை. அவற்றில் போட்டியாளர் தமக்கு வேண்டியதைத் தாமே சுமந்து, தாமே பழுதுபார்த்து, வெளியார் உதவியின்றி ஓட்ட வேண்டும். இமாச்சலப் பிரதேசத்தின் எம்டிபி ஹிமாலயா போன்றவை நாளுக்கு ஒரு கட்டமாக ஓட்டப்படுபவை. இவற்றில் எதற்குச் சென்றாலும், சென்னையில் பயிற்சி எடுப்பவருக்குக் குறைவது பெரும்பாலும் கால் வலிமை அன்று. கிழக்குக் கடற்கரைச் சாலையில் மணிக்கு 35 கி.மீ. வேகத்தில் கூட்டமாக ஓட்டிப் பழகியவருக்கு, மணிக்கு ஆறு கி.மீ. வேகத்தில் மூன்று மணி நேரம் நிறுத்தாமல் ஏறவும், கற்கள் நழுவும் சரிவில் நடுங்காமல் இறங்கவும் வாய்ப்புக் கிடைத்திருக்காது. அந்த இரண்டையும் கற்றுக்கொள்வதே தயாரிப்பின் பெரும்பகுதி.

முதலில் கவனிக்க வேண்டியது கியர். இதைச் சிறிது கணக்கோடு பார்ப்பது நல்லது. ஓட்டுபவரின் எடை 70 கிலோ, சைக்கிளும் சுமையும் 15 கிலோ, ஆக மொத்தம் 85 கிலோ என்று வைத்துக்கொள்வோம். ஏற்றம் 10 சதவீதம். அதாவது 100 மீட்டர் முன்னேறினால் 10 மீட்டர் உயர்கிறோம். முன்பக்கச் சங்கிலிச் சக்கரத்திலும் பின்பக்கத்திலும் 34 பற்கள் இருந்தால், பெடல் ஒரு சுற்றுச் சுற்றும்போது சக்கரமும் ஒரு சுற்றுச் சுற்றி ஏறத்தாழ 2.2 மீட்டர் முன்னேறும். நிமிடத்துக்கு 60 சுற்று மிதித்தால் வேகம் மணிக்கு எட்டு கி.மீ.க்குச் சற்றுக் குறைவாக இருக்கும். அந்த வேகத்தில் எடையை மேலே தூக்குவதற்கு மட்டும் 180 வாட்டுக்கு மேல் வேண்டும். கப்பியின் உராய்வையும் சேர்த்தால் 200 வாட்டைத் தாண்டிவிடும். நல்ல பயிற்சியுள்ளவரும் இதை ஒரு மணி நேரம் தாங்கலாமே தவிர, நாள் முழுக்கத் தாங்குவது கடினம். அதே ஏற்றத்தில் முன்னால் 30 பற்களும் பின்னால் 42 பற்களும் இருந்தால், அதே 60 சுற்றுக்கு வேகம் மணிக்கு 5.7 கி.மீ. ஆகக் குறையும், தேவையும் ஏறத்தாழ 150 வாட்டுக்கு இறங்கும். முழங்கால் தப்புவதும் தப்பாததும் பெரும்பாலும் இந்த 50 வாட் வித்தியாசத்தில் இருக்கிறது. கடையிலிருந்து அப்படியே வாங்கிவரும், கப்பிப் பாதைக்கான கிராவல் சைக்கிள்கள் பலவற்றில் சமவெளிக்கு ஏற்ற கியர்தான் இருக்கும். உயரமான கணவாய்களுக்குச் செல்பவர் பின்பக்கத்தில் 50 அல்லது 51 பற்கள் வரை போவதில் தயக்கம் காட்ட வேண்டியதில்லை. அதற்கேற்பச் செயினின் நீளமும், செயினைப் பல்சக்கரங்களுக்கிடையே நகர்த்தும் டீரெய்லரும் மாறும் என்பதால், இந்த மாற்றத்தைப் பந்தயத்துக்கு இரண்டு மாதங்கள் முன்பே செய்து ஓட்டிப் பார்த்துவிட வேண்டும்.

டயர் 45 மி.மீ. அகலத்துக்குக் குறையாமல் இருப்பது நல்லது. சைக்கிளின் சட்டம் இடம் கொடுத்தால் 50 மி.மீ. இன்னும் நல்லது. மேலே சொன்ன எடையுள்ளவர், டியூப்லெஸ் டயரில் முன்னால் 28 பிஎஸ்ஐ, பின்னால் 32 பிஎஸ்ஐ என்று தொடங்கி, விளிம்பு கல்லில் இடிக்காத எல்லைவரை சிறிது சிறிதாகக் குறைத்துப் பார்க்கலாம். சென்னை வெயிலில் டயருக்குள் ஊற்றிய சீலன்ட் (சிறு ஓட்டைகளை அடைக்கும் திரவம்) இரண்டு மூன்று மாதங்களில் காய்ந்துவிடும். ஆகவே புறப்படுவதற்கு முந்தைய வாரம் புதிதாக ஊற்ற வேண்டும். டியூப்லெஸ் என்பதற்காக டியூப் எடுத்துச்செல்லாமல் போகக்கூடாது. கூரிய கல் டயரின் பக்கச் சுவரைக் கிழித்துவிட்டால் சீலன்ட் அடைக்காது. உள்ளே ஒரு துண்டுத் துணியையோ தடித்த பிளாஸ்டிக்கையோ கொடுத்து, டியூப் போட்டுக் காற்றடித்தால்தான் வண்டி நகரும்.

கடலோர நகரத்தில் வைத்திருக்கும் சைக்கிளுக்கு இன்னொரு தொல்லை உண்டு. உப்புக் காற்றும் வியர்வையும் சேர்ந்து திருகுகளையும் சீட் போஸ்ட்டையும் சட்டத்தோடு இறுக்கிவிடும். பந்தய நாளுக்கு முதல்நாள் இருக்கையை உயர்த்த முயன்று அது அசையாமல் போவதைவிட, மாதம் ஒருமுறை கழற்றித் துடைத்து, அலுமினியம் என்றால் கிரீஸும் கார்பன் என்றால் அதற்குரிய பசையும் தடவி மாட்டுவது மேல். செயின் தேய்மானத்தை அளவுகோல் வைத்துப் பார்த்து, 0.5 சதவீதம் நீண்டிருந்தால் மாற்றிவிட வேண்டும்.

இனி பயிற்சி. மலை இல்லாத ஊரில் மலைக்குப் பதிலாகக் காற்று இருக்கிறது. கோடையில் பிற்பகல் கடல்காற்று எழும்பிய பிறகு, திருவான்மியூரிலிருந்து மாமல்லபுரம் நோக்கித் தெற்கே ஓட்டினால் பல நாட்களில் காற்று முகத்தில் அடிக்கும். அப்போது கனமான கியரில், இருக்கையிலிருந்து எழாமல், நிமிடத்துக்கு 55 முதல் 60 சுற்று என்ற கணக்கில், பதினைந்து இருபது நிமிடங்கள் நிறுத்தாமல் மிதிப்பது ஏற்றத்தில் உடல் கொடுக்க வேண்டிய உழைப்புக்கு மிக நெருக்கமானது. வாரத்துக்கு ஒருமுறை இதைச் செய்தால் போதும். ஒருநாள் நீண்ட ஓட்டமும், மற்ற நாட்களில் எளிய ஓட்டமும் இருக்கட்டும். மேம்பாலத்தில் திரும்பத் திரும்ப ஏறி இறங்குவதைப் பலர் மலைப் பயிற்சி என்று கருதுகிறார்கள். அது இரண்டு நிமிட வேகத்தை வளர்க்கும். இரண்டு மணி நேரப் பொறுமையை வளர்க்காது. வாகன நெரிசலில் ஆபத்தும் கூட.

கப்பிக்கும் மண்ணுக்கும் பழக, செங்கல்பட்டு, மதுராந்தகம் பக்கத்து ஏரிக்கரைகளும் செம்மண் வண்டிப் பாதைகளும் சிறந்த இடங்கள். மதகு அருகே கரையிலிருந்து கீழே இறங்கும் குறுகிய சரிவுகள் இறக்கத்தைக் கற்றுக்கொள்ள மிகவும் பொருத்தமானவை. சுமையேற்றிய சைக்கிளைத் தள்ளிக்கொண்டும் தோளில் தூக்கிக்கொண்டும் நடந்து பழகுவதும் பயிற்சியில் சேர வேண்டும். சைக்கிளை ஓட்டவே முடியாத செங்குத்தான பகுதிகள் இத்தகைய பந்தயங்களில் கட்டாயம் வரும்; அடியில் ரப்பர் பிடிப்புள்ள காலணி அப்போதுதான் எவ்வளவு முக்கியம் என்று தெரியும்.

இவற்றோடு, உண்மையான மலைக்கு மாதம் ஒருமுறையாவது சென்றுவர வேண்டும். சென்னையிலிருந்து எளிதில் சென்று திரும்பக்கூடியது ஏலகிரி. புலவர்களின் பெயர்களும் கடையெழு வள்ளல்களின் பெயர்களும் சூட்டப்பட்ட 14 கொண்டை ஊசி வளைவுகளைக் கொண்ட அந்தச் சாலையில், ஒருமுறை வேகமாக ஏறுவதைவிட, ஒரே சீரான உழைப்பில் மூன்று முறை ஏறுவதே நமக்குப் பயன்படும். மூன்றாம் முறை ஏறும் நேரம் முதல் முறையைவிட வெகுவாகக் கூடினால், முதல் ஏற்றத்தில் அளவுக்கு மீறி உழைத்திருக்கிறோம் என்று பொருள். ஏறும்போது பக்கத்தில் வருபவரிடம் ஒரு முழு வாக்கியத்தை மூச்சுத் திணறாமல் பேச முடிய வேண்டும். எந்தக் கருவியும் இல்லாதவருக்கு இதுவே நம்பகமான அளவு. அடுத்த படியாக, சேலத்திலிருந்து ஏற்காடும், 70 கொண்டை ஊசி வளைவுகளையுடைய கொல்லிமலையும் இருக்கின்றன.

இறக்கத்தில் நேரம் போவதைவிட உடல் அடிபடுவதே அதிகம் என்பதால், இதைத் தனியாகப் பழக வேண்டும் என்று வற்புறுத்துகிறேன். பெடல்கள் இரண்டும் தரைக்கு இணையாக ஒரே மட்டத்தில் இருக்க, குதிகால்களைச் சற்றுத் தாழ்த்தி, இருக்கையிலிருந்து சிறிது எழுந்து, முழங்கையும் முழங்காலும் வளைந்திருக்கும்படி நிற்க வேண்டும். ஹேண்டில்பாரின் வளைந்த கீழ்ப்பகுதியைப் பிடித்து, இரண்டு விரல்கள் பிரேக்கின் மீது இருக்க, மற்ற விரல்கள் இறுக்காமல் பற்றியிருக்கட்டும். பார்வை முன்சக்கரத்துக்குக் கீழே போகாமல், அடுத்துச் செல்ல வேண்டிய இடத்தில் நிலைக்க வேண்டும். பள்ளத்தையே பார்த்தால் பள்ளத்தில்தான் விழுவோம். வேகத்தை வளைவுக்கு முன்பே, நேரான பகுதியில் குறைத்துவிட்டு, வளைவுக்குள் பிரேக்கைத் தளர்த்திவிட வேண்டும், ஏனெனில் உதிரிக் கற்களின் மீது சாய்ந்திருக்கும் முன்சக்கரத்தைப் பூட்டினால் அது உடனே வழுக்கிவிடும். நீண்ட இறக்கத்தில் பிரேக்கை மெதுவாக இழுத்துக்கொண்டே வருவது டிஸ்க்கைச் சூடேற்றும். ஆகவே அழுத்திப் பிடித்து வேகத்தைக் குறைத்து, முழுதாக விட்டு, மறுபடி பிடிப்பதே முறை. மழையும் சேறும் எதிர்பார்க்கப்படும் இடங்களுக்கு ரெசின் பிரேக் பேடைவிட உலோகக் கலவைப் பேடு அதிக நாள் உழைக்கும்.

உணவை மணிக் கணக்கில் திட்டமிட வேண்டும். நீண்ட ஓட்டத்தில் மணிக்கு 60 கிராம் மாவுச்சத்து என்பது நல்ல தொடக்கம். பழகியவர்கள் 90 கிராம் வரை ஏற்றுக்கொள்வார்கள். நடுத்தர வாழைப்பழம் ஒன்றில் ஏறத்தாழ 25 கிராம் இருக்கிறது. பேரீச்சம்பழம், கடலை மிட்டாய், எண்ணெயில் குழைத்த மிளகாய்ப்பொடி தடவிய இட்லி ஆகியவை சென்னை நீண்ட ஓட்டங்களில் வயிறு ஒப்புக்கொண்டவை என்றால், பந்தயத்துக்கும் அவற்றை நம்பலாம். உயரம் கூடக்கூடப் பசி மங்கிவிடும். பசித்த பிறகு உண்போம் என்று இருந்தால் உண்ணவே மாட்டோம். ஆகவே இருபது நிமிடத்துக்கு ஒருமுறை சிறிதளவு என்று கடிகாரத்தைப் பார்த்து உண்ண வேண்டும். ஓஆர்எஸ் பொட்டலத்தை அதில் குறிப்பிட்டுள்ள அளவு தண்ணீரில்தான் கலக்க வேண்டும். ஓடைத் தண்ணீரை வடிகட்டாமலோ குளோரின் மாத்திரை போடாமலோ குடிக்கக்கூடாது.

கடல் மட்டத்தில் வாழ்பவர் உயரத்தை எளிதாக எடுத்துக்கொள்ளக்கூடாது. 4,000 மீட்டரில் காற்றழுத்தம் கடல் மட்டத்தில் இருப்பதில் ஏறத்தாழ 60 சதவீதம்தான். சென்னையிலிருந்து விமானம் ஏறி அதே நாளில் ஏறத்தாழ 3,500 மீட்டர் உயரத்திலுள்ள லடாக்கின் லே நகரில் இறங்குபவர், முதல் இரண்டு நாட்கள் சைக்கிளைத் தொடாமல் ஓய்வெடுக்க வேண்டும். 3,000 மீட்டருக்கு மேல், இரவில் உறங்கும் இடத்தின் உயரத்தை நாளுக்கு 500 மீட்டருக்கு மேல் கூட்டக்கூடாது என்பதும், மூன்று நான்கு நாட்களுக்கு ஒருநாள் ஓய்வு வேண்டும் என்பதும் மருத்துவர்கள் கூறும் பொது விதி. தலைவலி, குமட்டல், தூக்கமின்மை வந்தால் மேலே ஏறுவதை நிறுத்த வேண்டும். உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு வாங்கினாலும், நடையில் தள்ளாட்டம் தெரிந்தாலும், பந்தயம் எந்த நிலையில் இருந்தாலும் உடனே கீழே இறங்கி மருத்துவ உதவி பெற வேண்டும். இதில் விவாதத்துக்கு இடமில்லை. உயரத்தால் வரும் இந்த நோய்க்குத் தடுப்பு மாத்திரை தேவையா என்பதைப் புறப்படுவதற்கு முன்பே மருத்துவரிடம் கேட்டு முடிவுசெய்துகொள்ளுங்கள்.

குளிரும் அவ்வாறே. ஒவ்வொரு 1,000 மீட்டருக்கும் வெப்பம் ஏறத்தாழ 6.5 டிகிரி குறையும். கணவாயின் உச்சிக்கு வியர்வையில் நனைந்து வந்து சேர்பவர், அந்த ஈரத்தோடு அரை மணி நேரம் இறங்கினால் விரல்கள் விறைத்துப் பிரேக்கைப் பிடிக்க முடியாமல் போகும். முழுவிரல் கையுறையும் காற்றுப் புகாத மேலாடையும் பையின் அடியில் அல்ல, மேலேயே இருக்க வேண்டும்.

பந்தய நாளில் முதல் ஏற்றத்தில் மற்றவர்கள் கடந்து செல்வார்கள். ஏலகிரியில் பழகிய சீரான உழைப்பை விட்டு அவர்களைத் துரத்த வேண்டாம். விபத்துகளுக்கு அதிகம் இடமுள்ளது களைத்த கையும் மங்கிய கவனமும் சேரும் கடைசி இறக்கம். ஆகவே அதன் உச்சியில் ஐந்து நிமிடம் நின்று, எதையாவது உண்டு, மேலாடையையும் கையுறையையும் அணிந்து, டயரை விரலால் அழுத்திப் பார்த்து, பிரேக் பேடுகளைச் சோதியுங்கள். தகட்டின் மேலுள்ள உராயும் பொருள் தேய்ந்து அரை மில்லிமீட்டர்தான் மிச்சமிருந்தால், அங்கேயே புதிய பேடை மாட்டிவிட்டுத்தான் இறங்க வேண்டும்.