பென் ட்ரைவிலிருந்தே மென்பொருட்களை ஓட்டுவது எப்படி? புதியவர்களுக்கான செய்முறை விளக்கம்

வெள்ளவத்தையிலோ கொட்டாஞ்சேனையிலோ ஒரு கொமியூனிகேஷனில் அசைன்மென்ட் பிரின்ட் எடுப்பவர்களுக்கு இந்தத் தலையிடி தெரிந்திருக்கும். வீட்டில் லிப்ரே ஒஃபிஸில் (வேர்ட் போன்ற இலவச மென்பொருள்) செய்த ஃபைலை அங்கே வேர்டில் திறந்தால் பந்திகள் இடம் மாறி நிற்கும். பாமினியில் தட்டிய பக்கம், அந்த எழுத்துரு அங்கே இல்லாவிட்டால், ஆங்கில எழுத்துக் குவியலாகத் தெரியும். சொந்த லெப்டொப் இல்லாத பிள்ளைகள்தான் இதில் கூடுதலாக அவதிப்படுகிறார்கள். அவர்களுக்காகத்தான் இதை விரிவாக எழுதுகிறேன்.

போர்ட்டபிள் மென்பொருளைக் கணினியில் இன்ஸ்டோல் செய்யத் தேவையில்லை. பென் ட்ரைவிலிருந்தே ஓடும். செட்டிங்ஸ், புக்மார்க் எல்லாம் ட்ரைவிலேயே இருக்கும். இங்கே காட்டுவது போர்ட்டபிள்அப்ஸ் என்ற இலவசத் திட்டத்தின் முறை. 2004இல் ஜோன் ஹாலர் வெளியிட்ட போர்ட்டபிள் ஃபயர்பொக்ஸிலிருந்து வளர்ந்தது அது. விண்டோஸ் கணினிகளில் மட்டுமே இது சரிவரும்.

படி 1: ட்ரைவை வாங்கிச் சோதியுங்கள்

32 ஜிபி தாராளமாகப் போதும். யூஎஸ்பி 3.0 ஆகப் பார்த்து எடுங்கள். பெரும்பாலானவற்றில் செருகும் முனைக்குள் நீல நிறப் பிளாஸ்டிக் தெரியும். பெட்டியில் பெரிதாகப் போட்டிருப்பது அனேகமாக வாசிக்கும் வேகம். எழுதும் வேகம் அதைவிடக் குறைவு. ஒரு மென்பொருளுக்குள் ஆயிரக்கணக்கான சின்ன ஃபைல்கள் இருப்பதால் எழுதும் வேகம்தான் உங்களைக் காக்க வைக்கும்.

பம்பலப்பிட்டி யூனிட்டி பிளாசாவில் வாங்கினாலும் புறக்கோட்டையில் வாங்கினாலும் பில்லும் வொரண்டியும் கேளுங்கள். "2 டிபி" என்று எழுதி நம்பமுடியாத மலிவில் வரும் ட்ரைவ்களைத் தொடவே வேண்டாம். உள்ளே இருப்பது சில ஜிபிதான். கணினிக்குப் பொய்யான அளவைச் சொல்லும்படி மாற்றியிருப்பார்கள். உண்மையான இடம் முடிந்த பிறகு கொப்பி செய்வதெல்லாம் காணாமல் போகும், எச்சரிக்கையும் வராது. எச்2டெஸ்ட்டபிள்யூ என்ற சின்ன இலவச மென்பொருள் ட்ரைவ் முழுவதையும் நிரப்பி, திரும்ப வாசித்துச் சரிபார்க்கும். நேரம் எடுக்கும்தான், ஆனாலும் வெறும் ட்ரைவாக இருக்கும்போதே இதைச் செய்துவிடுங்கள்.

படி 2: ஃபோர்மட்

ட்ரைவில் ரைட் கிளிக் செய்து ஃபோர்மட் என்பதை எடுங்கள். உள்ளே இருப்பதெல்லாம் அழிந்துவிடும், கவனம். ட்ரைவில் ஃபைல்களை ஒழுங்குபடுத்தி வைக்கும் முறையை அங்கே கேட்கும். விண்டோஸில் மட்டும் பயன்படுத்துவதென்றால் என்டிஎஃப்எஸ் என்ற முறையைத் தெரிவு செய்யுங்கள் என்பேன். 32 ஜிபி ட்ரைவை எக்ஸ்ஃபெட் என்ற மற்ற முறைக்கு ஆக்கினால் வழமையாக 1 கேபி ஃபைல்கூட 32 கேபி இடத்தைப் பிடிக்கும். என்டிஎஃப்எஸ்ஸில் அது 4 கேபிக்கு மேல் போகாது. சின்ன ஃபைல்கள் நிறைந்த இந்த வேலைக்கு அது பெரிய வித்தியாசம். மெக் கணினியிலும் ஃபைல் எழுத வேண்டியவர்கள் மட்டும் எக்ஸ்ஃபெட் எடுங்கள்.

படி 3: பிளாட்ஃபோர்மைப் போடுங்கள்

போர்ட்டபிள்அப்ஸ் தளத்தில் பிளாட்ஃபோர்மை, அதாவது மென்பொருட்களைச் சேர்க்கவும் திறக்கவும் உதவும் மெனுவை, டவுன்லோட் செய்து இயக்குங்கள். புதிய இன்ஸ்டோல், அடுத்து போர்ட்டபிள் என்று தெரிவு செய்து, உங்கள் ட்ரைவின் எழுத்தைக் காட்டுங்கள். முடிந்ததும் ட்ரைவில் ஸ்டார்ட் என்று ஒரு ஃபைல் இருக்கும். ட்ரைவைச் செருகியதும் அது தானாக ஓடும் என்று காத்திருக்காதீர்கள். வைரஸ் பரவுவதால் விண்டோஸ் 7 முதலே யூஎஸ்பிக்கு அந்த வசதி நிறுத்தப்பட்டுவிட்டது. நீங்களே டபிள் கிளிக் செய்ய வேண்டும்.

படி 4: தேவையானதை மட்டும் சேருங்கள்

மெனுவில் அப்ஸ் பகுதிக்குப் போனால் பட்டியல் வரும். ஃபயர்பொக்ஸ் (பிரவுசர்), லிப்ரே ஒஃபிஸ், சுமாத்ரா பிடிஎஃப் (பிடிஎஃப் வாசிக்க), 7-சிப் (சுருக்கிய ஃபைல்களை விரிக்க), விஎல்சி (வீடியோ, பாட்டுக்கு). தொடங்குவதற்கு இவை போதும்.

புதியவர்கள் தவறவிடும் ஓர் இடம் இது. ஃபயர்பொக்ஸ் போர்ட்டபிள் ஃபோல்டரைத் திறந்தால் மேலேயே ஃபயர்பொக்ஸ்போர்ட்டபிள் என்ற ஃபைல் இருக்கும். அதற்குள் அப் என்ற ஃபோல்டரில் இன்னொரு ஃபயர்பொக்ஸ் ஃபைலும் இருக்கும். உள்ளே இருப்பதைத் திறந்தால் உங்கள் ஹிஸ்டரியும் பாஸ்வேர்டும் கடைக் கணினியில் பதிய வாய்ப்பு உண்டு. எப்போதும் மேலே இருப்பதையோ மெனுவையோ பாவியுங்கள். அப்போதுதான் டேட்டா ஃபோல்டரில் எல்லாம் சேரும்.

படி 5: கடையில் பயன்படுத்தும்போது

முதலில் கடைக்காரரிடம் ஒரு வார்த்தை கேளுங்கள். சில இடங்களிலும் அலுவலகங்களிலும் யூஎஸ்பியிலிருந்து எதையும் இயக்க விடமாட்டார்கள். அங்கே வற்புறுத்தக் கூடாது. அதனால் பிரின்டுக்குப் போகும் ஃபைலை வீட்டிலேயே லிப்ரே ஒஃபிஸின் பிடிஎஃப் பொத்தானை அழுத்தி பிடிஎஃப் ஆக்கிவைப்பது நல்லது. எழுத்துரு அதற்குள்ளேயே போய்விடும், பாமினியும் குலையாது.

ட்ரைவில் உங்கள் பிரவுசர் இருந்தாலும் கீபோர்டும் விண்டோஸும் கடையுடையவைதான். அந்தக் கணினியில் தட்டுவதைக் களவாகப் பதியும் மென்பொருள் இருந்தால் போர்ட்டபிள் பிரவுசர் உங்களைக் காப்பாற்றாது. வங்கிக் கணக்கை அங்கே திறக்கவே வேண்டாம். ட்ரைவ் தொலைந்தாலும் பாஸ்வேர்ட் பிறர் கைக்குப் போகாமலிருக்க, ஃபயர்பொக்ஸ் செட்டிங்ஸில் பிரைமரி பாஸ்வேர்ட் (சேமித்த பாஸ்வேர்ட்களைப் பூட்டிவைக்கும் பாஸ்வேர்ட்) வைத்துவிடுங்கள்.

திரும்பி வந்து பார்க்கும்போது ஃபோல்டர்களெல்லாம் ஷோர்ட்கட் ஆகியிருந்தால் அது வைரஸ். ஒன்றையும் டபிள் கிளிக் செய்யாமல் ஸ்கேன் போடுங்கள். அசல் ஃபைல்கள் பெரும்பாலும் அழிந்திருக்காது, மறைக்கப்பட்டு உள்ளேயே இருக்கும்.

படி 6: கழற்றுதல், கொப்பி வைத்தல்

எல்லா மென்பொருளையும் மூடி, மெனுவிலுள்ள இஜெக்ட் பொத்தானை அழுத்தி, அனுமதி வந்த பிறகே கழற்றுங்கள். பிரவுசர் ஓடும்போது இழுத்தால் உங்கள் செட்டிங்ஸும் புக்மார்க்கும் உள்ள புரொஃபைல் கெட்டுப்போகலாம். கிழமைக்கு ஒரு தடவை போர்ட்டபிள்அப்ஸ், டொகியுமென்ட்ஸ் ஃபோல்டர்களை இன்னோரிடத்தில் கொப்பி செய்யுங்கள். ட்ரைவ் பழுதானால் புதிய ஒன்றில் அவற்றை அப்படியே போட்டு, பிளாட்ஃபோர்மை மேலே ஒரு தடவை இன்ஸ்டோல் செய்தால் புக்மார்க் உட்பட எல்லாம் பழையபடி வந்துவிடும்.