தலைச் சொரியாசிஸ்: செதிலை இளக்கி மருந்து இடும் முறை

தலையில் சொரியாசிஸ் வந்தவர்களில் பலர், அதைப் பொடுகு என்று எண்ணி ஷாம்பூவை மாற்றி மாற்றிப் போட்டுக் காலத்தைக் கடத்திவிடுகிறார்கள். பொடுகு பெரும்பாலும் எண்ணெய்ப் பசையுடன் மெலிதாக உதிரும். சொரியாசிஸோ திட்டுத்திட்டாகச் சிவந்து, மேலே வெள்ளி நிறத்தில் தடித்த செதில் படிந்து, நெற்றி ஓரம், காதின் பின்புறம், பிடரி வரை பரவும். இரண்டும் கலந்து வருவதும் உண்டு என்பதால், தோல் மருத்துவரிடம் காட்டி உறுதி செய்துகொண்ட பிறகே கீழ்க்கண்ட முறையைத் தொடங்குங்கள். சொரியாசிஸ் ஒருவரிடமிருந்து மற்றவருக்குத் தொற்றாது. நோய் எதிர்ப்பு மண்டலத்தின் தூண்டுதலால் தோல் செல்கள் ஒரு மாதத்துக்குப் பதிலாகச் சில நாள்களிலேயே மேலேறிக் குவிவதுதான் அந்தச் செதில்.

படி 1: செதிலை இளக்குதல்

பலரும் தவிர்த்துவிடும் படி இதுதான். தடித்த செதிலின் மேல் எவ்வளவு விலையுயர்ந்த லோஷனை ஊற்றினாலும் அது தோலைச் சென்றடையாது. மருத்துவர் எழுதித் தரும் சாலிசிலிக் அமிலக் களிம்பையோ, செதில் மெலிதாக இருந்தால் வெறும் தேங்காய் எண்ணெயையோ இரவில் தடவி, தலையில் பழைய துணியைச் சுற்றிக்கொண்டு படுக்கலாம். காலையில் இளகி வந்த செதிலை மட்டும் சீப்பைத் தட்டையாகப் பிடித்து மெல்ல நீக்குங்கள். நகத்தால் பெயர்க்கவே கூடாது. காயம்பட்ட இடத்தில் புதிய திட்டு கிளம்புவது இந்நோயின் இயல்பு. குழந்தைகளுக்குச் சாலிசிலிக் அமிலத்தை மருத்துவர் சொல்லாமல் தடவாதீர்கள்.

படி 2: அலசுதல்

கோல் டார் (நிலக்கரித் தார்) கலந்த ஷாம்பூ தரப்பட்டிருந்தால், தலைத்தோலில் படும்படி தேய்த்து, 5 முதல் 10 நிமிடம் ஊறவிட்டு அலசுங்கள். அதன் வாடை சிலருக்குப் பிடிக்காது. நரைமுடியில் லேசாகக் கறையும் ஏறலாம்.

படி 3: லோஷன் இடுதல்

ஈரத்தைத் துவட்டிய பின், முடியை வகிடு வகிடாகப் பிரித்து, புட்டியின் முனையைத் தோலுக்கு அருகில் வைத்துச் சொட்டுச் சொட்டாக விட்டு, விரல் நுனியால் பரப்புங்கள். முடி மட்டும் நனைந்து தோலில் படாமல் போனால் மருந்து வீண். ஸ்டீராய்டு லோஷனைப் பொதுவாக 2 முதல் 4 வாரம் வரையே தொடர்ந்து இடுவார்கள். கெடு முடிந்தபின் பழைய சீட்டைக் காட்டி மீண்டும் மீண்டும் வாங்குவது தோலை மெலியச் செய்யும். முகத்தில் வழியவிடாமல் பார்த்து, கைகளைக் கழுவிவிடுங்கள். கால்சிபோட்ரியால் என்ற வைட்டமின் டி வகை மருந்து தரப்பட்டிருந்தால், சாலிசிலிக் அமிலம் அதைச் செயலிழக்கச் செய்யும் என்பதால் இரண்டையும் ஒன்றாகத் தடவக் கூடாது.

சித்த மருத்துவத்தில் இந்நோய்க்கு வெட்பாலைத் தைலம் தருவது வழக்கம். அதைப் பயன்படுத்துவோர் இரு மருத்துவர்களிடமும் சொல்லிவிடுவது நல்லது. ஆனால், உள்ளே என்ன இருக்கிறது என்று எழுதப்படாத மாத்திரைகளை வாங்கி விழுங்காதீர்கள். அவற்றில் ஸ்டீராய்டு கலந்திருந்தால், நிறுத்தியதும் நோய் முன்னைவிடக் கடுமையாகத் திரும்பக்கூடும்.

பீட்டா பிளாக்கர் வகை இரத்த அழுத்த மாத்திரைகளும் மனநலச் சிகிச்சையில் தரப்படும் லித்தியமும் சிலருக்கு நோயைக் கிளப்பும் என்பதால், நீங்கள் உட்கொள்ளும் மருந்துகள் அனைத்தையும் மருத்துவரிடம் கூறுங்கள். நகங்களில் ஊசி குத்தியது போன்ற குழிகள் தெரிந்தாலோ, விரல் மூட்டுகள் வீங்கிக் காலையில் அரை மணி நேரத்துக்கு மேல் விறைத்திருந்தாலோ, அடுத்த சந்திப்பு வரை காத்திராமல் உடனே காட்டுங்கள். மூட்டைத் தாக்கும் சொரியாசிஸைத் தாமதித்தால் அந்தச் சேதம் நிரந்தரமாகிவிடும்.