ஆர்டுயினோ ஊனோவுடன் ஓஎல்இடி திரையை இணைக்கும் முறை

ஆர்டுயினோ ஊனோ என்னும் சிறு கட்டுப்பாட்டுப் பலகையில் சென்சார் தரும் அளவுகளைக் கணினியின் துணையின்றிப் பார்க்க விரும்புவோருக்கு, எஸ்எஸ்டி1306 சில்லு பொருந்திய 0.96 அங்குல ஓஎல்இடி திரை நல்ல தேர்வு. இதில் அகலவாக்கில் 128, உயரவாக்கில் 64 புள்ளிகள் உள்ளன. புள்ளிகள் தாமே ஒளிர்வதால் பின்னொளி தேவையில்லை. ஐ2சி (இரு கம்பிகளில் தரவை அனுப்பும் முறை) வகைத் திரையானால், மின்சாரத்துக்கான இரண்டையும் சேர்த்து நான்கு கம்பிகள் போதும்.

மின்சாரத்தைத் துண்டித்த பிறகே கம்பிகளைச் செருக வேண்டும். ஊனோவில் எஸ்டிஏ (தரவு) கம்பி ஏ4 முனைக்கும், எஸ்சிஎல் (கடிகாரத் துடிப்பு) கம்பி ஏ5 முனைக்கும் செல்லும். விசிசி (மின்சாரம் பெறும் முனை), ஜிஎன்டி (தரை முனை) இரண்டும் எல்லாத் திரைகளிலும் ஒரே வரிசையில் இருப்பதில்லை. ஆகவே இணையத்தில் கண்ட படத்தை நம்பாமல், கையிலுள்ள பலகையில் அச்சிட்டிருப்பதைப் படித்தே இணைக்க வேண்டும். 5 வோல்ட்டைத் தாங்குமா என்பது தெரியாத திரைக்கு 3.3 வோல்ட் கொடுப்பது பாதுகாப்பானது.

அடுத்ததாக, ஐ2சி இணைப்பில் திரையை அடையாளம் காட்டும் எண்ணான அதன் முகவரியைக் கண்டறிய வேண்டும். பெரும்பாலான திரைகளின் முகவரி ஹெக்ஸாடெசிமலில் (16-ஐ அடியாகக் கொண்ட எண்முறையில்) 3சி, சிலவற்றில் 3டி. பலகையின் பின்புறம் 78 என்று அச்சிட்டிருந்தால் குழம்ப வேண்டியதில்லை: அது 3சி என்பதன் இருமடங்கு, அதாவது எழுதுவா படிப்பா என்பதைக் குறிக்கும் பிட்டையும் சேர்த்து எழுதிய அதே முகவரி. இணைந்துள்ள கருவிகளின் முகவரிகளைத் தேடிக் காட்டும் ஐ2சி ஸ்கேனர் நிரலை ஒருமுறை ஓட்டினால் ஐயம் தீரும். ஸ்கேனருக்கு எதுவும் தென்படவில்லையெனில் பிழை பெரும்பாலும் கம்பியில்தான் இருக்கும். அந்நிலையில் நிரலைத் திருத்திக்கொண்டிருப்பது வீண் வேலை.

பின்னர் அடாஃப்ரூட் எஸ்எஸ்டி1306, அடாஃப்ரூட் ஜிஎஃப்எக்ஸ் என்னும் இரு நூலகங்களையும் (ஆயத்த நிரல் தொகுப்புகளையும்) நிறுவி, அவற்றுடன் வரும் 128 x 64 ஐ2சி எடுத்துக்காட்டு நிரலில் முகவரியைச் சரிபார்த்து ஏற்றுக. சொந்த நிரல் எழுதும்போது, எழுத்தின் நிறத்தை முதலிலேயே குறிப்பிட வேண்டும். இல்லையேல் எழுத்து எதுவும் தெரியாது. பிரிண்ட் கட்டளை எழுத்துகளை நினைவகத்தில் மட்டுமே வரைகிறது. டிஸ்பிளே கட்டளையை அழைத்தால்தான் அவை திரைக்குச் செல்லும். மிகச் சிறிய அளவில் ஒரு வரிக்கு 21 எழுத்துகளாக 8 வரிகள் அடங்கும். அந்த எழுத்துருவில் தமிழ் இல்லை என்பதால், தமிழ்ச் சொற்களைப் படமாக மாற்றித்தான் காட்ட முடியும்.

முகவரி சரியாக இருந்தும் திரை இருண்டே கிடந்தால், நினைவகத்தைச் சந்தேகிக்க வேண்டும். 8,192 புள்ளிகளுக்கு ஒரு பிட் வீதம் 1,024 பைட் தேவைப்படுகிறது. ஊனோ ஆர்3 பலகையிடம் இருப்பதோ மொத்தம் 2,048 பைட். நிரல் ஓடத் தொடங்கிய பின்னரே இந்த இடம் ஒதுக்கப்படுவதால், கம்பைல் செய்யும்போது (நிரலைப் பலகைக்குரிய குறியீடாக மாற்றும்போது) காட்டப்படும் நினைவகக் கணக்கில் இது சேராது. கணக்கு நிறைவாகத் தோன்றினாலும் இடம் போதாமல் போகலாம். திரையைத் தொடங்கிவைக்கும் பிகின் கட்டளை திருப்பித் தரும் விடையைச் சோதித்தால் இது உடனே வெளிப்படும். நிலையான சொற்றொடர்களை எஃப் மேக்ரோவில், அதாவது F("...") என்று பொதிந்து ஃபிளாஷ் நினைவகத்திலேயே வைப்பது முதல் தீர்வு. அதுவும் போதாவிட்டால், படத்தைப் பகுதி பகுதியாக வரையும் யு8ஜி2 நூலகத்துக்கு மாறலாம்.

1.3 அங்குலத் திரைகள் பலவற்றில் எஸ்ஹெச்1106 சில்லு உள்ளது. அதன் நினைவகம் 132 நெடுவரிசை கொண்டது என்பதால், எஸ்எஸ்டி1306 நூலகத்தைக் கொண்டு இயக்கினால் படம் சிதைந்தோ பக்கவாட்டில் நகர்ந்தோ தெரியும். யு8ஜி2 நூலகத்தில் அதற்குரிய சில்லின் பெயரைத் தேர்ந்தெடுத்தால் சரியாகும்.