சவர சோப்பு நுரைக்கவில்லையா? முதலில் தண்ணீரைப் பாருங்கள்

பிரஷ்ஷைப் பத்து நிமிடம் சுழற்றியும் நுரை நிற்காவிட்டால் சோப்பைக் குறை சொல்லாதீர்கள். காரைக்குடியில் எங்கள் வீட்டு போர் தண்ணீரோடு இரண்டு மாதம் மல்லுக்கட்டியவன் நான். அந்தத் தண்ணீரில் இருக்கும் கால்சியமும் மெக்னீசியமும் சோப்போடு சேர்ந்து கரையாத பிசுக்காகிவிடும். அதற்குப் போக மிஞ்சும் சோப்புதான் நுரைக்கும். ஒருநாள் வளவில் அண்டாவில் பிடித்து வைத்த மழைத் தண்ணீரை எடுத்தேன். அதே சோப்பு, அதே பிரஷ், கிண்ணம் நிறைய நுரை! மழைத் தண்ணீர் இல்லையென்றால் போர் தண்ணீரைக் கொதிக்கவைத்து ஆறவிட்டு, மேலே தெளிந்ததை மட்டும் எடுங்கள். உப்பு முழுக்கப் போகாது, ஆனால் குறையும்.

முதலில் பிரஷ். பன்றி முடி என்றால் வெதுவெதுப்பான தண்ணீரில் 3 முதல் 5 நிமிடம் ஊறட்டும். செயற்கை இழைக்கு நனைத்தாலே போதும். கொதிநீர் வேண்டாம், முடியும் பசையும் கெடும். அதற்குள் முகத்தை வெந்நீரில் கழுவிக்கொள்ளுங்கள்.

அடுத்தது சோப்பு ஏற்றுவது. புதியவர்கள் பெரும்பாலும் தவறுவது இங்கேதான். பிரஷ்ஷை நன்றாக உதறிவிட்டு, சோப்பின் மேல் 30 விநாடி சுழற்றுங்கள். உப்புத் தண்ணீர் என்றால் ஒரு நிமிடம். முதலில் பெரிய குமிழிகள் வரும். நிறுத்தாதீர்கள். குமிழி அடங்கி, முடி நுனியில் பசை அப்பிக்கொண்டால்தான் போதுமான சோப்பு ஏறியிருக்கிறது.

இனி கிண்ணம். முனீஸ்வரன் கோவில் தெருவில் வாங்கிய பழைய மங்குக் கிண்ணம் என்னுடையது. அகலமான எந்தக் கிண்ணமும் ஆகும். விரல் நுனியால் நாலைந்து சொட்டுத் தண்ணீர் தெளித்து, அரை நிமிடம் சுழற்றி, மறுபடி தெளியுங்கள். அவசரப்பட்டு ஊற்றினால் காரியம் கெட்டது. நுரை மங்கலாக, இழுத்தால் திரிதிரியாக வந்தால் தண்ணீர் போதவில்லை. ஓட்டை ஓட்டையாகக் குமிழி தெரிந்தால் தண்ணீர் கூடிவிட்டது. பிரஷ்ஷை மறுபடி சோப்பில் தேயுங்கள். பதம் வந்த நுரை கெட்டித் தயிர் போலப் பளபளக்கும். பிரஷ்ஷைத் தூக்கினால் நுனி நின்று லேசாகச் சாயும். இரண்டு விரலுக்கு நடுவே வைத்துத் தேய்த்தால் வழுக்க வேண்டும். பிளேடுக்கு வேண்டியது அந்த வழுக்கல்தான்.

முகத்தில் வட்டமாகத் தேய்த்து, கடைசியில் மேலும் கீழும் பூசுங்கள். ஃபேனை அணைத்துவிடுங்கள், சித்திரை வெயிலில் அந்தக் காற்றுக்கே நுரை காய்ந்துவிடும். கிண்ணத்தையும் அதற்குள் கழுவ வேண்டாம். இரண்டாம் முறை மழிக்க அதில் மிஞ்சியிருப்பதே போதும்.