ஓடிபி சொல்லாமலே பணம் போகும்: போனிலும் கணினியிலும் தவிர்க்க வேண்டிய தவறுகள்

"ஓடிபியை யாரிடமும் சொல்லாதீர்கள்" என்று வங்கிகள் சொல்லிச் சொல்லி, அது நம்மில் பலருக்கு நன்றாகவே பதிந்துவிட்டது. ஆனால் இப்போது திருடுகிறவர்கள் பலர் ஓடிபியைக் கேட்பதே இல்லை.

வாட்ஸ்அப்பில் ஒரு கோப்பு வரும். உங்கள் வண்டிக்குப் போக்குவரத்து அபராதம், திறந்து பாருங்கள் என்று இருக்கும். சில சமயம் கல்யாணப் பத்திரிகை, சில சமயம் பி.எம். கிசான் தவணை, இல்லையென்றால் வங்கி கேஒய்சி. கோப்பின் பெயர் 'ஏபிகே' (.apk) என்று முடிந்தால் அது பத்திரிகையும் இல்லை, அபராதச் சலானும் இல்லை; ஓர் ஆண்ட்ராய்டு ஆப். நிறுவும்போது எஸ்எம்எஸ் படிக்க அனுமதி கேட்கும். அவசரத்தில் சரி என்று தட்டிவிட்டால், வங்கி அனுப்பும் ஓடிபியை அதுவே படித்துத் திருடனுக்கு அனுப்பிவிடும். நீங்கள் யாரிடமும் எதையும் சொல்லியிருக்க மாட்டீர்கள்.

அப்புறம் உங்கள் வாட்ஸ்அப் கணக்கையும் பிடித்துக்கொண்டு, அதே கோப்பை உங்கள் பெயரில் குடும்பக் குழுவுக்கு அனுப்புவார்கள். ஆகவே "தெரிந்தவர்தானே அனுப்பினார்" என்று நம்பித் திறப்பதுதான் இங்கே பெரிய தவறு. மாமா நம்பரிலிருந்து வந்தாலும் ஒரு போன் போட்டுக் கேளுங்கள். சலான் உண்மையா என்று மத்திய அரசின் போக்குவரத்துத் தளமான பரிவாகனில் நீங்களே போய்ப் பார்க்கலாம். போன் செட்டிங்ஸில் 'தெரியாத ஆப்களை நிறுவுதல்' என்ற பகுதியில் வாட்ஸ்அப்புக்கும் பிரவுசருக்கும் கொடுத்த அனுமதியை அணைத்து வையுங்கள். வீட்டுப் பெரியவர்கள் போனிலும் இதைச் செய்துவிடுங்கள். ஆயிரம் அறிவுரையை விட இந்த ஒரு பொத்தான் மேல். ஏற்கெனவே நிறுவியாகிவிட்டதா? உடனே வைஃபையையும் டேட்டாவையும் அணைத்துவிட்டு, வேறொரு போனிலிருந்து வங்கிக்குப் பேசுங்கள்.

ஓடிபி கேட்காத இன்னொரு வழி, "இன்று இரவு 9.30 மணிக்கு உங்கள் வீட்டு மின்சாரம் துண்டிக்கப்படும்" என்று வரும் குறுஞ்செய்தி. பதறிப்போய் அதிலுள்ள எண்ணைக் கூப்பிட்டால், பாக்கியைச் சரிபார்க்க ஓர் ஆப் போடச் சொல்வார்கள். அது உங்கள் திரையை அங்கிருந்து பார்க்கும் ஆப். அதன் பிறகு நீங்கள் தட்டுவதெல்லாம் அவர்களுக்குத் தெரியும். ஈபி பில்லை நீங்கள் வழக்கமாகக் கட்டும் இடத்தில் பார்த்தாலே போதும், பாக்கி உண்டா இல்லையா என்று தெரிந்துவிடும்.

பழைய சோபாவை விற்கப் போட்டால், பணம் அனுப்புகிறேன், இந்த கியூஆர் கோடை ஸ்கேன் செய்து உங்கள் யுபிஐ 'பின்' எண்ணைப் போடுங்கள் என்று ஒருவர் வருவார். யுபிஐயில் பணம் வாங்குவதற்கு 'பின்' எண் தேவையே இல்லை. 'பின்' எண் கேட்டால் பணம் உங்களிடமிருந்து போகிறது. அவ்வளவுதான். போலீஸ் உடையில் வீடியோ காலில் வந்து 'டிஜிட்டல் கைது' என்று மிரட்டுகிறார்களே, அப்படி ஒரு கைது இந்தியச் சட்டத்தில் கிடையாது. அழைப்பைத் துண்டித்துவிடலாம்.

கணினியில் அமரும்போது நாம் வேறு விதமாக ஏமாறுகிறோம். முகவரிப் பட்டையில் பூட்டுச் சின்னம் இருந்தால் நல்ல தளம் என்று பலரும் நம்பினார்கள். தகவல் வழியில் திருடப்படாது என்பதற்கு மட்டுமே அது உத்தரவாதம்; எதிர்முனையில் இருப்பவர் யோக்கியரா என்று அது சொல்லாது. போலித் தளங்களும் அந்தப் பூட்டை எளிதாக வாங்கிவிடும். இந்தக் குழப்பத்தால்தான் 2023-இல் கூகுள் குரோம் அந்தச் சின்னத்தையே எடுத்துவிட்டது. இந்திய வங்கிகளின் தளங்களை ரிசர்வ் வங்கி 2025-இல் 'டாட் பேங்க் டாட் இன்' (.bank.in) முகவரிக்கு மாறச் சொன்னது. கண் போக வேண்டிய இடம், முதல் ஒற்றைச் சாய்கோட்டுக்கு (/) முன்னால் வரும் தளப் பெயரின் அந்தக் கடைசிப் பகுதி.

பாஸ்வேர்டில் ஆச்சரியக்குறி, எண் எல்லாம் சேர்த்துவிட்டு, அதையே ஷாப்பிங் தளம் முதல் ஜிமெயில் வரை போடுவது வீண் உழைப்பு. ஏதோ ஒரு சின்னத் தளத்திலிருந்து அது கசிந்தால், எல்லா இடத்திலும் போட்டுப் பார்ப்பார்கள். மற்றக் கணக்குகளின் 'பாஸ்வேர்டு மறந்துவிட்டது' அஞ்சல் வந்து சேருவது மின்னஞ்சலுக்குத்தான் என்பதால், அதற்காவது வேறெங்கும் இல்லாத நீளமான பாஸ்வேர்டும், அதோடு இன்னொரு சான்றும் கேட்கும் இரண்டடுக்குச் சரிபார்ப்பும் வேண்டும். மீதியை, பாஸ்வேர்டுகளை உருவாக்கி நினைவில் வைத்துக்கொள்ளும் பாஸ்வேர்டு மேனேஜர் ஆப்பிடம் விடுங்கள்.

அப்டேட்டைத் தள்ளிப்போடுவதும் ஒரு பழக்கம். 2017 மே மாதம் கணினிக் கோப்புகளைப் பூட்டிவைத்துப் பணம் கேட்டு உலகையே ஆட்டிய வானாகிரை வைரஸ் தாக்குதலுக்கான திருத்தத்தை மைக்ரோசாஃப்ட் அந்த மார்ச்சிலேயே வெளியிட்டிருந்தது. போடாதவர்கள்தான் பெரும்பாலும் மாட்டினார்கள். பாதுகாப்புத் திருத்தங்கள் தரும் வழக்கமான ஆதரவு விண்டோஸ் 10-க்கு 2025 அக்டோபர் 14-உடன் முடிந்துவிட்டது. கணினிக் கடையில் ஆன்டிவைரஸை அணைத்துவிட்டுத் திருட்டு மைக்ரோசாஃப்ட் ஆஃபீஸ் போட்டுத் தந்திருந்தால், அதை என்னவென்று சொல்வது!

இத்தனைக்கும் மேலே, பணம் போன பிறகு செய்யும் தவறு ஒன்று உண்டு. வெட்கப்பட்டு வீட்டில் சொல்லாமல் இரண்டு நாள் இருப்பது. திருடிய பணம் கணக்கு விட்டுக் கணக்கு மாறி வேகமாக ஓடும்; வெளியே எடுக்கும் முன் முடக்கினால்தான் திரும்பக் கிடைக்க வாய்ப்பு. அதனால் முதலில் சைபர் குற்ற உதவி எண்ணான 1930-க்கு அழையுங்கள், தேசிய சைபர் குற்றத் தளத்தில் புகாரும் பதியலாம். வங்கிக்கும் தனியாகத் தெரிவித்துப் புகார் எண் வாங்கிக்கொள்ளுங்கள். ரிசர்வ் வங்கியின் 2017 சுற்றறிக்கைப்படி, தவறு உங்களுடையதும் வங்கியுடையதும் இல்லை என்றால், வங்கியின் தகவல் வந்த 3 வேலை நாட்களுக்குள் தெரிவித்தவருக்கு இழப்புப் பொறுப்பு இல்லை. உங்கள் கவனக்குறைவே காரணம் என்றாலும், தெரிவித்த நேரத்துக்குப் பிறகு போகும் பணம் வங்கியின் பொறுப்பு.

வங்கியின் எண்ணைக் கூகுளில் தேடாதீர்கள், அங்கே போலி எண்கள் நிறைய. ஏடிஎம் அட்டையின் பின்பக்கத்தில் இருக்கிறது. சில நாள் கழித்து, போன பணத்தை மீட்டுத் தருகிறோம், முதலில் கொஞ்சம் கட்டணம் கட்டுங்கள் என்று ஒருவர் அழைக்கலாம். அவரும் அதே கூட்டம்தான்.