ஜீப்பின் பின்பக்கத் துள்ளல்: என் அனுபவம்

மணிமுத்தாறிலிருந்து மாஞ்சோலைக்கு ஏறும் கரடுமுரடான பாதையில் எங்கள் பழைய ஜீப்பின் பின்பக்கம் தூக்கித் தூக்கிப் போட்டது. அம்பாசமுத்திரத்து மெக்கானிக் அண்ணாச்சி, “ஸ்பிரிங் பட்டைய மாத்திருவோம்வே” என்றார். எனக்கு ஒப்பவில்லை. ஒரு பக்கத்துப் பட்டை உடைந்தால் பெரும்பாலும் வண்டி அந்தப் பக்கம் சாயும். இது நேராகத்தான் நின்றது.

பின் பம்பரை அமுக்கி விட்டேன். ஒரு தடவை எழும்பி அடங்க வேண்டியது, ஆடிக்கொண்டே இருந்தது. குனிந்து பார்த்தால் இடது ஷாக் அப்சார்பரில் எண்ணெய் கசிந்து, அதன்மேல் செம்மண் அப்பியிருந்தது. கழற்றிக் கையால் இழுத்தால் சைக்கிள் பம்பு மாதிரி லேசாக வந்தது. எடையைத் தாங்குவது பட்டை, ஆட்டத்தை அடக்குவது ஷாக்.

இரண்டு பக்கத்து ஷாக்கையும் சேர்த்தே மாற்றினோம், அவற்றின் முனைகளில் மாட்டும் தேய்ந்த ரப்பர் வளையமான புஷ்ஷையும். பட்டைச் செலவு மிச்சம். அண்ணாச்சிக்குத்தான் கொஞ்சம் வருத்தம்.